சிவிக் எஸ்ஐயா, ஆக்யுரா இன்டெக்ராவா: கூடுதல் 7,000 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி இது: அமெரிக்காவில் வேலை, தினமும் கொஞ்சம் ஹைவே ஓட்டம், ஓட்டுவதில் ஆர்வம் உண்டு. ஹோண்டா சிவிக் எஸ்ஐ வாங்குவதா, அதே அடித்தளத்தில், ஹோண்டாவின் சொகுசுப் பிராண்டான ஆக்யுரா விற்கும் இன்டெக்ராவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதா?

ஹோண்டாவா ஆக்யுராவா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா என்று முடிவு செய்யுங்கள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். காரணம், எஸ்ஐ 6 கியர் மேனுவலில் மட்டும்தான் வருகிறது. இன்டெக்ராவிலோ விலை அதிகமான ஏ-ஸ்பெக் டெக்னாலஜி வகையில் மட்டும்தான் மேனுவல் கிடைக்கும். அடிப்படை வகையும் ஏ-ஸ்பெக்கும் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வருபவை. "2023 இன்டெக்ரா 31,000 டாலரில் தொடங்கியது, எஸ்ஐயை விடக் கொஞ்சம்தான் அதிகம்" என்று கணக்குப் போட்டுப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2023 மாடல் விலையில் எஸ்ஐ சுமார் 28,500 டாலர். மேனுவல் இன்டெக்ரா சுமார் 35,800. வித்தியாசம் 7,000 டாலருக்கும் மேல்.

அந்தப் பணத்தில் வேகம் வராது. இரண்டிலும் அதே 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 6,000 ஆர்பிஎம்மில் அதே 200 குதிரைசக்தி, 1,800 முதல் 5,000 ஆர்பிஎம் வரை அதே 192 பவுண்ட்-அடி டார்க் (முறுக்குவிசை). கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சுழற்சியைத் தானே ஏற்றிக் கொடுக்கும் ரெவ்-மேட்ச் வசதியும் இரண்டிலும் உண்டு. எடையில் மேனுவல் இன்டெக்ரா ஏறக்குறைய 120 பவுண்ட் கூடுதல். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட இரண்டும் 7 விநாடிக்குச் சற்று முன்பின் எடுக்கும்; எஸ்ஐ ஒரு நூல் முந்தும்.

இரண்டுக்கும் பொதுவான இன்னொரு பாகம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் சக்தியை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம். இந்த வண்டிகளின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். முன்சக்கர இழுவை வண்டி வளைவிலிருந்து வெளியே வரும்போது எடை வெளிப்பக்கம் சாயும்; உள்பக்க முன்சக்கரத்துக்குப் பிடி குறையும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் அந்தச் சக்கரம் சும்மா சுழலும், சக்தி வீணாகும், வண்டியின் மூக்கு வெளியே தள்ளும். இதில் உள்ள சாய்ந்த பற்சக்கரங்கள் சக்தியைப் பிடியுள்ள வெளிச்சக்கரத்துக்குத் திருப்பிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி வளைவுக்குள் இழுத்துக்கொண்டு போகும். சிவிடி இன்டெக்ராவில் இந்தப் பாகம் கிடையாது. அதனால்தான் சிவிடி இன்டெக்ராவை எஸ்ஐயோடு ஒப்பிடுவதே பொருந்தாது என்கிறேன். பராமரிப்பில் ஒரே ஒரு நிபந்தனை: முன்டயர் இரண்டும் ஒரே மாடலாக, ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்க வேண்டும். ஒன்று பஞ்சராகி அதை மட்டும் புதிதாக மாற்றினால் சுற்றளவு வேறுபடும். நேர்ச்சாலையில்கூட அந்தப் பற்சக்கரங்கள் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும்.

சரி, 7,000 டாலர் எங்கே போகிறது? என் கணக்கில் பெரும்பங்கு இரண்டு விஷயங்களுக்கு.

ஒன்று, ஷாக் அப்சர்பர். இன்டெக்ரா ஏ-ஸ்பெக் டெக்னாலஜியில் மின்சாரத்தால் கட்டுப்படும் ஷாக் அப்சர்பர் இருக்கிறது. உள்ளே எண்ணெய் பாயும் வால்வைத் திறந்து மூடி மென்மையையும் விறைப்பையும் மாற்றுகிறது. எஸ்ஐயில் இருப்பது ஒரே விறைப்பு. அதற்கு முந்தைய தலைமுறை எஸ்ஐயில் இந்த வசதி இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் இது பெரிய குறையாகத் தெரியாது. மிச்சிகன், பென்சில்வேனியா மாதிரி ஒவ்வொரு பனிக்காலத்துக்குப் பிறகும் சாலை வெடித்துக் குழி விழும் இடங்களில் தினமும் தெரியும். 18 அங்குலச் சக்கரம், 235/40 டயர் இரண்டுக்கும் ஒன்றுதான். பக்கச்சுவர் குட்டை, குழியில் விழுந்தால் அடி நேராக உள்ளே வரும். இன்டெக்ராவின் இன்டிவிஜுவல் மோடில் எஞ்சினையும் ஸ்டியரிங்கையும் ஸ்போர்ட்டில் வைத்துவிட்டு ஷாக்கை மட்டும் கம்ஃபர்ட்டில் வைக்கலாம். மோசமான சாலைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் ஒரு லட்சம் மைல் தாண்டி ஷாக் கசிந்தால் சாதாரண ஷாக்கை விட இதற்குச் செலவு அதிகம். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, பின்கதவு. எஸ்ஐ செடான் மட்டும்தான், டிக்கி 14.4 கன அடி. இன்டெக்ராவில் பின்கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் மேலே திறக்கும், 24.3 கன அடி. கொள்ளளவை விட அந்த வாயின் அகலம்தான் பெரிய உதவி. மடிக்காத குழந்தை வண்டி, ஐகியா அட்டைப்பெட்டி, ஊருக்குப் போகும்போது 23 கிலோ சூட்கேஸ்கள் என்று எஸ்ஐயின் டிக்கி வாயில் சாய்த்துத் திணிக்க வேண்டியவை இதில் நேராக உள்ளே போகும். குழந்தை உள்ள வீட்டில் இதை லேசாக எடைபோடாதீர்கள்.

மற்றவை சிறியவை. இன்டெக்ராவில் 16 ஸ்பீக்கர் ஒலி அமைப்பு, கண்ணாடியில் வேகம் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே, மின்சாரத்தில் நகரும் முன் இருக்கை. 2022 முதல் 2024 வரையிலான அமெரிக்க எஸ்ஐயில் இருக்கைச் சூடேற்றி இல்லை. மினசோட்டா பனியில் அது வலிக்கும், டெக்சஸில் தெரியாது. எஸ்ஐயின் 12 ஸ்பீக்கர் போஸ் சிஸ்டம் மோசமில்லை. அதன் சிவப்புக் கறுப்புத் துணி இருக்கை உடம்பை வளைவில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். வாரன்டியில் ஹோண்டாவுக்கு 3 வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். ஆக்யுராவுக்கு 4 வருடம் அல்லது 50,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 6 வருடம் அல்லது 70,000 மைல்.

கடனில் வாங்கினால் அந்த வித்தியாசம் இப்படி ஆகும்: 7,000 டாலர், 6 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதம் 135 டாலர் கூடுதல்; வட்டி மட்டும் சுமார் 1,120 டாலர். இதன் மேல் மாநில விற்பனை வரி. மாதம் 135 டாலருக்கு மென்மையான ஷாக்கும் பெரிய பின்கதவும் வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். டீலர் முன்னால் உட்கார்ந்து கேட்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவருக்கு என் பதில் வேறு. சிவிடி இன்டெக்ராவைப் பார்ப்பதற்கு முன் 2025 மாடலில் வந்த சிவிக் ஹைபிரிட்டை ஓட்டிப் பாருங்கள். அதுவும் 200 குதிரைசக்திதான், ஆனால் டார்க் 232 பவுண்ட்-அடி, அதுவும் மின்மோட்டார் என்பதால் மிதித்த உடனே கிடைக்கிறது. செடானின் அரசு மதிப்பீடு கேலனுக்கு 49 மைல். சிவிடி இன்டெக்ராவுக்கு 32, 33 மைல். பின்கதவு வகையும் உண்டு. ஹைபிரிட்டுக்குச் சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோல் போதும். எஸ்ஐக்கும் இன்டெக்ராவுக்கும் பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைக்கிறார்கள். சாதாரணத்தில் ஓடும், ஆனால் நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க எஞ்சின் கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். சொன்ன 200 குதிரைசக்தி கிடைக்காது. வருடம் 12,000 மைல், கேலனுக்கு 30 மைல் என்றால் 400 கேலன். உங்கள் ஊரில் பிரீமியம் 80 சென்ட் அதிகம் என்றால் அதற்கே வருடம் 320 டாலர்.

பழைய வண்டி தேடுகிறவர்கள் பலரும் தவறவிடும் ஒன்று: 2022 முதல் 2024 வரை சிவிக் ஹேட்ச்பேக் ஸ்போர்ட் டூரிங் வகையில் இதே 1.5 டர்போ, 180 குதிரைசக்தியில், 6 கியர் மேனுவலோடு கிடைத்தது. தோல் இருக்கை, பின்கதவு, போஸ் எல்லாம் உண்டு. லிமிடெட் ஸ்லிப் இல்லை. வளைவில் விரட்ட மாட்டேன், கிளட்ச் மிதித்து ஓட்டும் சுகம் மட்டும் போதும் என்பவருக்கு இது இரண்டையும் விடப் பொருத்தம்.

இனி எது கெட்டுப்போகும் என்று பார்ப்போம். எஞ்சின் ஒன்றே என்பதால் இரண்டுக்கும் பொது. இந்த 1.5 டர்போவில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. குளிரில், எஞ்சின் சூடாகும் முன், கொஞ்சம் பெட்ரோல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் சூடாகி அது ஆவியாகிவிடும். தினமும் 3 மைல் போய் நிறுத்தினால் ஆவியாக நேரமே இல்லை. ஆயில் அளவு ஏறும், டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். 2017, 2018 ஹோண்டா சிஆர்-வி எஸ்யூவியிலும் அந்தக் கால சிவிக்கிலும் இந்தப் பிரச்சினை பெரிதாகி ஹோண்டா வாரன்டியை நீட்டித்தது. பிற்பாடு மென்பொருளைத் திருத்தினார்கள் என்றாலும் இயற்பியல் மாறவில்லை. குறுந்தூர ஓட்டம் அதிகம் என்றால் டாஷ்போர்டு சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். 5,000 மைல் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது 0டபிள்யூ-20 ஆயிலை மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டுங்கள்.

பழையது வாங்கினால் ஸ்டியரிங்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 2024 அக்டோபரில் ஹோண்டா சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2022 முதல் 2025 வரையிலான சிவிக்கும், 2023 முதலான இன்டெக்ராவும் அதில் உண்டு. ஸ்டியரிங் பெட்டிக்குள் இருக்கும் வார்ம் கியரில் உராய்வு அதிகமாகி, நடுவில் ஸ்டியரிங் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது அகப்படாது. அரை மணி நேரம் ஹைவேயில் ஓடிச் சூடானபின், 60 மைல் வேகத்தில், நடுவிலிருந்து இடமும் வலமும் ஒரு விரல் அளவு திருப்பிப் பாருங்கள். முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு சட்டென்று விடுபட்டால் அதுதான். வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டுப் பழுது பார்த்தாயிற்றா என்று பார்க்கலாம், வேலை இலவசம்.

எஸ்ஐ பழையதாக வந்தால் இன்னொன்று: சிலர் டியூன் போட்டு, அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்றி, டார்க்கை ஏற்றியிருப்பார்கள், விற்கும்முன் எடுத்துவிடுவார்கள். கம்பெனி கிளட்ச் அதைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. மேட்டில் 4ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் குதித்து ஏறி, வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்கும் வேலை, கூலியே பெருந்தொகை.

டயர் விஷயத்தில், எஸ்ஐயில் கோடை டயர் கூடுதல் விருப்பமாக வரும். சாலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அந்த ரப்பர் விறைத்துப் பிடி இழக்கும். பனி விழும் ஊரில் தனிப் பனி டயர் கட்டாயம். அடிப்படை இன்டெக்ராவின் 17 அங்குல அளவான 215/50ஐ, உங்கள் பிரேக்குக்கு இடிக்கவில்லை என்று டயர் கடையில் உறுதி செய்துகொண்டு போட்டால் செலவும் குறையும், குழியும் அவ்வளவு அடிக்காது.

இந்த இரண்டு வண்டிகளின் அதிவேக வகைகளான டைப் ஆர், டைப் எஸ் பற்றியும் கேட்பார்கள். அங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. சிவிக் டைப் ஆர் 315 குதிரைசக்தி, இன்டெக்ரா டைப் எஸ் 320. விலையில் 2023இல் சுமார் 8,000 டாலர் வித்தியாசம். ஆனால் அங்கே ஷாக், பிரேக், 265/30 19 அங்குல டயர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. டைப் ஆரில் நான்கு பேருக்குத்தான் இடம், டைப் எஸ்ஸில் ஐந்து பேர் உட்காரலாம். மேலதிகப் பணம் இருக்கைச் சூட்டுக்கும் ஒலிக்கும் அடக்கமான தோற்றத்துக்கும்தான் என்பதால் அங்கே டைப் ஆர் பக்கம்தான் நான். டீலர் மேல்விலை ஏற்றாத பட்சத்தில். ஏற்றினால் வித்தியாசமே மறைந்துவிடும், அப்போது டைப் எஸ் நியாயம்.

பாகம் வாங்கும்போது ஒரு சூட்சுமம். ஹோண்டா, ஆக்யுரா பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும், நடுவில் உள்ள மூன்று எழுத்துகள் எந்த மாடலுக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். ஆக்யுரா டீலர் ஃபில்டருக்கோ பிரேக் பேடுக்கோ விலை சொன்னால் முழு எண்ணைக் கேட்டு வாங்கி, அதே எண்ணை ஹோண்டா கவுன்டரில் கேளுங்கள். எண் முழுக்கப் பொருந்தினால் பொருள் ஒன்றே, விலை குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பம்பர், ஹெட்லைட், பின்கதவு மாதிரி வெளிப்பாகங்கள் இன்டெக்ராவுக்கே உரியவை, அங்கே இந்த வழி பலிக்காது. அதனால்தான் சின்ன இடிக்குக்கூட இன்டெக்ராவின் பழுதுச் செலவு ஏறும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு வண்டியின் வின் எண்ணையும் கொடுத்து இன்ஷூரன்ஸ் தொகையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.