அறுவை சிகிச்சை அன்று அப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அடுத்த மாதம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். அன்று வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையையும் நிறுத்த வேண்டுமா? கூடவே இருக்கப்போகும் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிறு என்பது முக்கியமாகச் சாப்பாட்டுக்குச் சொன்னது. பார்க்கின்சனுக்கு முக்கியமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்க மயக்க மருத்துவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய பட்டியலில் முதல் ஆபரேஷனாக வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு வேளை தள்ளிப்போனாலே உடம்பு விறைக்கும், விழுங்குவது சிரமமாகும். எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரை போகலாம். முழுவதுமாக நின்றுபோனால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து வருவதுண்டு. வார்டில் மருந்து கொடுக்கிற நேரம் வேறு, உங்கள் அப்பாவின் உடம்பு கேட்கிற நேரம் வேறு. ஆகவே மருந்தின் பெயர், அளவு, மணி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். நேரம் வந்ததும் நர்ஸிடம் நினைவுபடுத்துங்கள். தொந்தரவு செய்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். விழுங்க முடியாவிட்டால் மூக்கு வழிக் குழாயில் கொடுக்கலாம். ஆனால் மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. மாற்று மாத்திரையை டாக்டர் சொல்வார்.

அந்தத் தாளிலேயே சிவப்பு மையில், கொடுக்கக் கூடாத மூன்று மருந்துகளின் பெயர்களையும் எழுதுங்கள்: மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால். முதல் இரண்டும் வாந்திக்கு வழக்கமாகப் போடுபவை. மூன்றாவது, நோயாளி குழம்பிக் கத்தினால் போடுவது. மூன்றுமே பார்க்கின்சனை மோசமாக்கும். வாந்திக்கு ஆன்டான்செட்ரான் போன்றவை இருக்கின்றன. அப்பா ரசாஜிலின் அல்லது செலிஜிலின் (இவையும் பார்க்கின்சன் மாத்திரைகள்தான்) சாப்பிட்டால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். பெத்திடின், டிரமடால் போன்ற வலி மருந்துகள் அவற்றோடு ஒத்துப்போகாது.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று நாள். மறதி உள்ளவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வருவது அப்போதுதான் அதிகம். இல்லாத ஆளைப் பார்ப்பார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். அதைவிட நான் பயப்படுவது, பேசாமல், அசையாமல் சுருண்டு கிடக்கும் வகைக் குழப்பத்துக்குத்தான். 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். நேற்று பேசியவர் இன்று பேசவில்லை என்றால், அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் நீங்கள்தான்; உடனே சொல்லுங்கள். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கிருமித் தொற்று என்று பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்.

கண்ணாடி, காது கருவி இரண்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கண் விழித்ததும் மாட்டிவிடுங்கள். அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். "நான் இருக்கிறேன்பா, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்" என்றால் போதும். முதல் தடவை எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். சிறிது நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த பிறகே எழுப்புங்கள்.

குடலிறக்கத்தைப் பல சமயம் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே சரிசெய்யலாம். அப்பாவுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால், அடுத்த வேளை மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது சுலபம்.