டியூட்டி ஃப்ரீ பாட்டிலைப் பறிப்பார்களா?

கேள்வி: விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய சென்ட் பாட்டிலை, வழியில் வேறு விமானம் மாறும்போது பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்வார்களா?

பதில்: பறிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். 2006-ல் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டது, அதன் பிறகுதான் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. டியூட்டி ஃப்ரீ பாட்டிலுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதைக் கடைக்காரர் சிவப்பு விளிம்புள்ள தனிப் பையில், ரசீது வெளியே தெரியும்படி வைத்துச் சீல் செய்து தந்திருக்க வேண்டும், கடைசி ஊர் போய்ச் சேரும்வரை நீங்கள் அதைப் பிரிக்கவே கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்! சும்மா முகர்ந்து பார்க்கலாம் என்று சீலைக் கிழித்துவிட்டால், அடுத்த சோதனையில் அது சாதாரணத் திரவம்தான், குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அப்புறம், வாங்குவதற்கு முன்பே கடையில் உங்கள் போர்டிங் பாஸைக் காட்டி, இடையில் விமானம் மாறுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வழியில் பெட்டியை எடுத்துத் திரும்ப ஒப்படைக்க வேண்டிய பயணமா? அப்போதே பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சாக்லேட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மதுவில் 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் எந்தப் பையிலும் அனுமதி இல்லை.