வீட்டுவண்டிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்

கோவை கணபதியில் அப்பாவின் மோட்டார் பட்டறையில் வாஷரும் ஃபுட்வால்வும் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். அப்புறம் பன்னிரண்டு வருஷம் மிச்சிகனில் வேலை. அங்கே இருபத்து நாலடி நீளத்தில் ஒரு டிராவல் டிரெய்லர் வைத்திருந்தேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி, உள்ளே சமையல் மேடை, கட்டில், குளியலறை, கக்கூஸ் எல்லாம் இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும், செப்டம்பர் பிறந்தால் அங்கிருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் "அண்ணா, வண்டித் தண்ணியை எப்படி எறக்கறது" என்று கூப்பிடுவது நிற்கவில்லை. இந்த வருஷம் இங்கிருக்கும் பெற்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பெருந்துறையிலிருந்து ஓர் அம்மா: ஏனுங் தம்பி, கனடாவில் கால்கரியில் இருக்கிற பையன் இந்த மாதிரி வண்டி வாங்கியிருக்கிறான். குளிரில் பைப் வெடித்துவிடும் என்கிறான். நிஜமா?

நிஜம்தானுங்கம்மா. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். மூடின பாட்டிலை ஃப்ரீசரில் மறந்துவிட்டு மறுநாள் எடுத்தவர்களுக்குத் தெரியும். வண்டியில் ஓடுகிற பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். கொடுக்காதது அதில் மாட்டியிருக்கும் எல்போ, டேப், பம்பின் தலை, கக்கூஸ் வால்வு இதெல்லாம்தான். ஏதோ ஒரு ராத்திரி பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டுப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. மைனஸ் மூன்று, நான்கு என்று விடிய விடிய நின்றால்தான் ஆபத்து. கால்கரியில் செப்டம்பரிலேயே உறைபனி விழ ஆரம்பித்துவிடும், தீபாவளி வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்க.

திருப்பூர்: அண்ணா, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னால்? வரிசையாகச் சொல்லுங்களேன்.

நல்ல தண்ணீர் டேங்கைத் திறந்து விடுங்க. கழிவுத் தண்ணீர் டேங்க் இரண்டையும் அதற்கென்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் காலி செய்யுங்க. அடுத்து வெந்நீர் ஹீட்டர். கரண்ட், கேஸ் இரண்டையும் நிறுத்தி, சூடு முழுக்க ஆறின பிறகு, மேலே இருக்கும் பிரஷர் வால்வைத் தூக்கிவிட்டுக் கீழ் பிளக்கைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆறுவதற்கு முன் கழற்றினால் கொதிக்கிற தண்ணீர் மணிக்கட்டில் அடிக்கும். இரும்பு டேங்காக இருந்தால் பிளக்கோடு சேர்ந்து ஒரு நீளக் கம்பி வரும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அதுதான் கரைந்து கொடுக்கிறது. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதுசு போட்டுவிடுங்க. பிறகு வண்டிக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக இரண்டு மூடி இருக்கும், வெந்நீர் லைனுக்கு ஒன்று, பச்சைத்தண்ணீர் லைனுக்கு ஒன்று. இரண்டையும் திறந்து, உள்ளே எல்லா டேப்பையும் திறந்து விடுங்க. ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்க.

இத்தனையும் செய்தால் முக்கால் வேலை முடிந்தது. மிச்சம் கால்தான் ஆளைப் படுத்தும், வளைவிலும் பம்பிலும் தங்குகிற தண்ணீர். இதற்குத்தான் ரோஸ் கலர் ஆன்ட்டிஃப்ரீஸ், குளிரில் குழாய் வெடிக்காமல் காக்கிற திரவம். திறந்த மூடியையெல்லாம் மூடிவிட்டு, ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் பைபாஸ் வால்வைத் திருப்புங்க. இதை மறந்தால் ஹீட்டருக்குள்ளேயே இருபத்து மூன்று லிட்டர் போய்விடும். திருப்பிவிட்டால் வண்டி மொத்தத்துக்கும் எட்டிலிருந்து பதினொரு லிட்டர் போதும். பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டுப் பம்பைப் போட்டு, ஒவ்வொரு டேப்பிலும் வெந்நீர்ப் பக்கம், பச்சைத்தண்ணீர்ப் பக்கம் இரண்டிலும் நல்ல ரோஸ் வரும் வரை விடுங்க. வெளிர் ரோஸ் வந்ததும் நிறுத்திவிடாதீங்க, அது உள்ளே கிடந்த தண்ணீர் கலந்தது. கக்கூஸையும் அதே மாதிரி ஃப்ளஷ் செய்யுங்க. கடைசியில் ஒவ்வொரு சிங்க் வாயிலும் ஒரு டம்ளர் ஊற்றுங்க, கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் மாறிவிடும்.

வெளியே ஹோஸ் மாட்டுகிற வாய் ஒன்று இருக்கிறதே, அதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். பம்பை நிறுத்தி, ஒரு டேப்பைத் திறந்து பிரஷரை இறக்கிவிட்டு, அந்த வாயில் இருக்கும் சின்ன வலையை எடுத்தால் நடுவே ஸ்பிரிங் வைத்த வெள்ளைப் பொத்தான் தெரியும். நம் கிணற்று ஃபுட்வால்வு செய்கிற அதே வேலைதான், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும். ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் லேசாக அழுத்துங்க. முதலில் ஒரு வாய் தண்ணீர் பீய்ச்சும், அப்புறம் ரோஸ் வரும்.

பல்லடம்: இவ்வளவு தெரிந்த உங்களுக்கு எதுவும் உடைந்ததில்லையா?

ஏன் இல்லாமல்? முதல் வருஷமே. எல்லாம் செய்தேன், கை கழுவினேன், தார்ப்பாயும் போட்டேன். வண்டியின் வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவுக்குள் கால் கழுவ ஒரு ஷவர் உண்டு. நான் அதை ஒரு தடவைகூட உபயோகித்ததில்லை, அதனால் அது இருப்பதே ஞாபகத்தில் இல்லை. ஏப்ரலில் தண்ணீர் விட்டேன், பம்பு நிற்காமல் ஓடியது. எங்கேயும் சொட்டக் காணோம். அரை மணி நேரம் கழித்துக் கட்டிலுக்கு அடியில் பலகை ஊறிப்போய்க் காலுக்கு மெத்தென்று இருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் ஷவர் டேப்பின் பின்னால் முடி அகலத்துக்கு ஒரு கீறல், நகத்தை வைத்துத் தடவினால்தான் தெரிகிறது. அந்த டேப் பெரிய விலையில்லை, பலகையை மாற்றியதுதான் பர்ஸைக் காலி செய்தது.

நாமக்கல்: லாரிக்கு ஊற்றுகிற கூலண்ட் மிச்சம் இருந்தால் அதையே ஊற்றிவிடலாமாங்க? காஷ்மீர் லோடு போகிற வண்டியெல்லாம் அதில்தான் தாங்குது.

கூடவே கூடாதுங்க. ரேடியேட்டருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம். இனிப்பாக வேறு இருக்கும், கீழே சிந்தினால் நாய் நக்கிவிட்டுச் செத்துப்போகும். நாளைக்கு நீங்கள் குடிக்கப்போகிற குழாய் அது. வண்டிக்கென்று விற்பது புரொப்பிலீன் கிளைக்கால், சாப்பாட்டுப் பொருளிலேயே சேர்க்கிறார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று எத்தனால் கலந்ததை வாங்காதீங்க, ரப்பர் வாஷர் காய்ந்துவிடும். இன்னொன்று, கேனில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 45. அதுவும் குழாய் வெடிக்காது என்பதற்கான அளவு. மைனஸ் பன்னிரண்டு வாக்கிலேயே அது கூழாகிவிடும், அதனால் தப்பில்லை. தண்ணீர் மட்டும் கலக்காதீங்க.

பீளமேடு, கல்லூரிப் பையன்: கம்ப்ரஸரில் காற்றடித்து ஊதிவிட்டால் போதாதா?

போதும் என்கிறவர்கள் உண்டு, நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் காற்றை விட வேண்டும், 30 முதல் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. கார் டயருக்கு அடிக்கிற அளவுதான். நூறுக்கு வைத்தால் பனி உடைக்க வேண்டியதை நீங்களே உடைத்துவிடுவீர்கள். ஆனால் பம்புக்குள் இருப்பதைக் காற்று முழுசாகத் தள்ளாது. சிங்க் வளைவும் அப்படியேதான் இருக்கும். ஊதிவிட்டு, இந்த இரண்டுக்கும் கொஞ்சம் ரோஸ் ஊற்றுவது என் வழக்கம்.

பொள்ளாச்சி: ஜனவரியில் வேனை எடுத்துக்கொண்டு ஊட்டியில் ஒரு வாரம் தங்கப்போகிறோம். இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். ஆனால் விடியற்காலையில் சில மணி நேரம்தான், வெயில் ஏறினால் போய்விடும். நீங்களும் உள்ளேதான் தூங்குவீர்கள். ராத்திரி வெளி ஹோஸைக் கழற்றி உதறி உள்ளே வையுங்க, வண்டிக்கு அடியில் குழாய் ஓடினால் அதில் இருக்கும் தண்ணீரை மட்டும் இறக்கிவிடுங்க. மிச்சக் காசுக்கு வர்க்கி வாங்குங்க.

கோபி: நாங்கள் அதே மாதம் லடாக்கில் லே ஊருக்குப் போகிறோம்.

அது வேறு கதை. 3,500 மீட்டர், ஜனவரி ராத்திரியில் மைனஸ் பத்துக்கும் கீழே போவது சாதாரணம், பகலிலும் பனி விடாது. டேங்க் சிஸ்டத்தையே மறந்துவிடுங்க. கிளம்பும்போதே காயவைத்துவிட்டு, குடிக்கவும் கழுவவும் கேனில் தண்ணீர் வைத்து, ராத்திரி கேனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. லடாக்கில் பழைய வீடுகளில் கக்கூஸுக்கே தண்ணீர் கிடையாது, மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

கரூர், பாடி கட்டுகிறவர்: கேரவன் ஒன்று சீசன் இல்லாமல் நாலு மாசமாக நிற்கிறது. இங்கே பனியில்லை, ஆனால் டேங்க் தண்ணீர் நாறுது.

நமக்குக் குளிர் எதிரி இல்லை, வெயில்தான். தண்ணீரை எறக்கி மூடியைத் திறந்து காயவிடுங்க. ஓட்டுவதற்கு முன் வாசனை சேர்க்காத சாதா பிளீச், நூறு லிட்டருக்கு நூறு மில்லி கணக்கில் கலந்து, எல்லா டேப்பிலும் வாடை வரும் வரை விட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து, வாடை போகும் வரை கழுவுங்க. குளிர் நாட்டுக்காரர்களும் ஏப்ரலில் ரோஸைக் கழுவிவிட்டு இதையே செய்கிறார்கள். ஹீட்டர் டேங்க் நிரம்பும் முன் சுவிட்சைப் போட்டால் மட்டும் காயில் போச்சு.

மறுபடியும் பெருந்துறை அம்மா: பையன் இந்த வருஷம் நேரமில்லை, அப்படியே விட்டுவிடலாமா என்கிறான்.

அரை மணி நேரம்கூடவா இல்லை? ஹீட்டர் பிளக், அடியில் இருக்கும் இரண்டு மூடி, உள்ளே எல்லா டேப், வெளி ஷவர், இவற்றையாவது திறந்து காலி செய்து, பம்பை ஒரு நிமிஷம் சும்மா ஓட்டி, சிங்க் வளைவுகளில் ரோஸ் ஊற்றச் சொல்லுங்க. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன், அங்கே காலை எட்டரை. வீடியோவில் கூப்பிடச் சொல்லுங்க. ஹீட்டரை மட்டும் வெள்ளிக்கிழமையே அணைத்து வைக்கட்டும்.