இரவில் ஒழுகும் மொறிஸ் மைனர்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1958 மொறிஸ் மைனர் 1000 பல வருடம் கொட்டிலில் நின்றது. இப்போது திருத்தி ஓட்டுகிறேன். இரவு நிறுத்திவிட்டு விடிய வந்து பார்த்தால் காபரேற்றருக்குக் கீழே பெற்றோல் வடிந்த கறை. சாவியைத் திருப்பினால் பம்ப் நெடுநேரம் டக் டக் என்று அடிக்கிறது. கராஜில் நீடில் வால்வை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள், ஒழுக்கு நிற்கவில்லை. காபரேற்றரையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மாற்ற வேண்டாம். உங்களிடம் இருக்கும் எஸ்யூ என்ற கம்பனியின் காபரேற்றர் திருத்தித் திருத்தி ஓடக்கூடிய சாமான். ஆனால் ஒழுக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை காரை ஓட்ட வேண்டாம். மைனரின் எஞ்சினில் காபரேற்றரும் எக்ஸோஸ்ற் மனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே சொட்டும் பெற்றோல் விழுவது கொதிக்கிற இரும்பில். இதைச் சின்ன விடயமாக எடுத்தவர்களின் கார், பொனற்றைத் திறக்க முன்னரே எரிந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. ஒழுகுவது இரவில், அதாவது பம்ப் ஓடாதபோது. காபரேற்றரோடு சேர்ந்த புளோட் அறையில் பெற்றோல் நிரம்பியதும், அதில் மிதக்கும் புளோட் உயர்ந்து நீடில் வால்வை மூடி வரவை நிறுத்தும். மைனரின் பெற்றோல் தாங்கி பின்னால், காபரேற்றரைவிடத் தாழ்வாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் தாங்கி மேலே இருப்பதால் நீடில் வால்வ் பிடிக்காவிட்டால் தாங்கி முழுவதும் வடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. சாவியை மூடியதும் பம்ப் நின்றுவிடும், அதற்குப் பிறகு மேலே ஏற பெற்றோல் இல்லை. குழாயில் மிஞ்சிய அழுத்தத்தில் சில துளிகள் வரலாம், அவ்வளவுதான். ஆகவே நீடில் வால்வ் பழுதென்றால் ஒழுக்கு சாவி திறந்திருக்கும்போது வரவேண்டும், அதுவும் புளோட் அறையின் மூடியிலுள்ள மேலோட்டக் குழாயால் வரவேண்டும். இரவு முழுக்கச் சொட்டி அறை வெறுமையாவதென்றால், ஓட்டை பெற்றோல் மட்டத்துக்குக் கீழே எங்கோ இருக்கிறது. விடிய பம்ப் நெடுநேரம் அடிப்பது அந்த வெறும் அறையை நிரப்பத்தான். கராஜில் மாற்றியது ஒழுக்குக்குச் சம்பந்தமில்லாத இடம்.

இதை உறுதிப்படுத்த ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, வெளிச்சமும் காற்றும் உள்ள வெளியிடத்தில், தீயணைப்புப் பவுடர் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காபரேற்றரைத் துடைத்துக் காயவிடுங்கள். மேலெல்லாம் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பிறகு எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் சாவியை மட்டும் திறவுங்கள். பம்ப் வேகமாக அடித்து, மெதுவாகி, நிற்கவேண்டும். நின்றதும் சாவியை மூடிவிட்டுப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். பெற்றோல் கீழ்நோக்கி ஓடிச் சேர்வதால், சொட்டுகிற இடம் எப்போதும் ஒழுகுகிற இடமாக இருக்காது. எஞ்சின் ஓடாமல் சாவியை ஓரிரு நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்கவேண்டாம், இக்னிஷன் கொயில் சூடாகிக் கெட்டுப்போகலாம். பம்ப் நிற்காமலே அடித்துக்கொண்டிருந்தால் உடனே மூடுங்கள்.

இனி, உங்களுடையது எந்த மாதிரி என்று பார்க்கவேண்டும். ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், அறுபது வருடத்தில் எத்தனையோ பேர் மாற்றியிருப்பார்கள். புளோட் அறையின் மூடி நடுவிலே ஒரே நட்டால் இறுக்கப்பட்டிருந்தால் அது பழைய எச் வகை. மூன்று ஸ்குறூ இருந்து, அறையின் அடியிலிருந்து மெல்லிய நைலோன் குழாய் ஒன்று ஜெற்றுக்கு (எஞ்சினுக்குப் பெற்றோலை விடும் சிறு துளைக் குழாய்) போனால் அது எச்எஸ் வகை.

எச் வகை என்றால் என் சந்தேகம் முழுவதும் தக்கை வளையங்களில்தான். இந்த மாதிரியில் சோக்கை இழுக்கும்போது ஜெற் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். அது வழுக்கி ஓடும் இடத்தில் பெற்றோல் வெளியேறாமல் பிடிப்பவை சின்னத் தக்கை வளையங்கள், இடையே ஒரு ஸ்பிறிங். பெற்றோலில் நனைந்திருக்கும்வரை தக்கை ஊதிப் பொருந்தி நிற்கும். கார் வருடக்கணக்கில் காய்ந்து நின்றால் தக்கையும் காய்ந்து சுருங்கும், பிறகு பெற்றோல் விட்டாலும் பழைய நிலைக்கு வராது. உங்கள் கார் நின்ற காலத்தை யோசித்தால் இது இயல்பு. சோக்கை இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, ஜெற்றின் அடியில் ஒழுக்கு கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் வேறு எங்கும் தேடவேண்டாம். தக்கையே போடுவதாயின் போடுமுன் ஒயிலில் ஊறவிடுங்கள். இப்போது செயற்கை றப்பர் வளையங்களும் வருகின்றன, அவை நல்லவை. ஒரு கவனம்: இந்த வேலைக்கு ஜெற்றைக் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது அதை மையப்படுத்த வேண்டும். காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டால், அது தடையின்றி விழுந்து உலோகத்தில் 'டக்' என்று தெளிவாக அடிக்கவேண்டும். ஜெற் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் அதே சத்தம் கேட்கவேண்டும். மந்தமாக விழுந்தால் பிஸ்ரனின் அடியிலுள்ள நீடில் (நீடில் வால்வ் அல்ல) ஜெற்றில் உரசுகிறது. இதே வகையில் புளோட் அறை உடலோடு சேரும் போல்ட்டில் பைபர் வாசர்களும் உண்டு, அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

எச்எஸ் வகையில் தக்கை இல்லை. நைலோன் குழாய் புளோட் அறையில் நுழையும் இடத்தில், நட்டுக்கு உள்ளே ஒரு சின்ன றப்பர் வளையம் இருக்கிறது. அது ஒருமுறை நசிந்து பிடித்தது. கழற்றிப் பூட்டினால் பழையபடி பிடிக்காது, புதிது போடவேண்டும். ஒழுகுகிறதென்று நட்டை இன்னும் முறுக்கினால் குழாய்தான் நசியும்.

சிலிக்கன் பசை பூசி மூடவேண்டாம். பெற்றோலில் அது ஊதி இளகும், பிய்ந்த துண்டு ஜெற்றுக்குள் போய் அடைக்கும். தாங்கி வெடிப்புக்குச் சவர்க்காரம் அப்பி வீடு வந்து சேர்வது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை, அதை இங்கே செய்யவேண்டாம். இது அசையும் உறுப்பு.

சூடான எஞ்சினை நிறுத்திய சில நிமிடங்களுக்குள் மட்டும் மேலோட்டக் குழாயால் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம். அறைக்குள் பெற்றோல் கொதித்துத் தள்ளுவது அது. அந்தக் குழாயின் வாய் எக்ஸோஸ்ற்றுக்கு நேரே இல்லாமல் விலகிக் கீழே போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புளோட் மட்டத்தையும் ஒருமுறை பாருங்கள் என்று சொல்வதற்கு நம்மூர்க் காரணம் ஒன்று உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்ராட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாரமானது, அதில் புளோட் உயர்ந்து மிதக்கும், வால்வ் முந்தி மூடும். மட்டம் குறைகிறதென்று அன்று யாராவது புளோட்டின் கையை வளைத்திருந்தால், இன்று பெற்றோலில் மட்டம் கூடி, ஜெற்றின் வாயால் எஞ்சினுக்குள் வழியும். எச்எஸ் வகையில் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, புளோட்டுக்கும் மூடிக்கும் இடையே 3 மில்லிமீற்றர் ட்றில் பிற்றின் தண்டு நுழைகிறதா என்று பாருங்கள். பித்தளைப் புளோட் என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே சளசளத்தால் அது ஓட்டை.

எஞ்சினுக்குள் வழிந்திருக்குமோ என்று அறிய டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணமோ, ஒயில் மட்டம் கூடியோ இருந்தால், ஒயிலை மாற்றாமல் ஸ்ராட் செய்யக்கூடாது. பெற்றோல் கலந்த ஒயில் பெயாரிங்குகளைக் காப்பாற்றாது. யாராவது பழைய எஸ்யூ பம்ப்புக்குப் பதிலாக வேறு மின்பம்ப் பூட்டியிருந்தால் அதன் அழுத்தத்தையும் கேளுங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேலே போனால் நல்ல நீடில் வால்வும் தாங்காமல் போகலாம்.

வேலை முடிந்ததும் பம்ப் நிற்கும்வரை சாவியைத் திறந்து மூடிவிட்டு, காபரேற்றரின் கீழே வெள்ளைக் கடதாசி ஒன்றை விரித்து விடியும்வரை விடுங்கள். விடிய கடதாசி காய்ந்து, பம்ப் நாலைந்து தட்டில் நின்றால் காரை வீதிக்கு எடுக்கலாம்.