குளிப்பாட்டலாமுங்களா? ஆபரேஷன் முடிஞ்ச பூனையின் சுத்தம் பத்திக் கேள்வி பதில்

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பூனையைத் தையல் பிரிக்கிற வரைக்கும் எப்படிச் சுத்தமா வெச்சிருக்கிறதுன்னு கேட்டவங்களுக்கான பதில்கள் இவை. மாத்திரை, ஊசி அளவெல்லாம் இங்கே சொல்றதில்லைங்க. அதை ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயே கேளுங்க.

கோபியிலிருந்து: பொட்டைப் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி மூணு நாள் ஆச்சுங்க. உடம்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசம். வெதுவெதுன்னு தண்ணி வெச்சுக் குளிப்பாட்டலாமுங்களா?

வேண்டாமுங்க. தோல்தையலை 10 முதல் 14 நாளுக்குள்ள பிரிப்பாங்க. அதுவரைக்கும் புண் காஞ்சே இருக்கணும். தண்ணி பட்டா தோல் ஊறும், ஊறின தோல்ல தையல் துளை வழியாக் கிருமி உள்ளே இறங்கும். கரையற நூல்ல உள்தையல் போட்டிருந்தாலும் இதே 14 நாள் கணக்குதான்.

குளியலுக்குப் பதிலாத் துடைச்சு விடுங்க. பழைய வெள்ளை பனியனை உள்ளங்கை அளவுல நாலு துண்டா வெட்டிக்கங்க. ஒரு போசியில கைபொறுக்கற சூட்டுல தண்ணி. சோப்பு, வாசனை எதுவும் கலக்க வேண்டாம். துண்டை நனைச்சு, திரும்ப முறுக்கினா ஒரு சொட்டுக்கூட விழாத அளவுக்குப் பிழியணும். முதல் துண்டு கண்ணோரத்துக்கும் முகத்துக்கும். ரெண்டாவது தாடைக்கும் காது பின்னாலயும். மூணாவது முதுகுக்கும் காலுக்கும், முடி போற திசையிலேயே. நாலாவது கடைசியா, வாலடிக்கு. இந்த வரிசையை மாத்தாதீங்க, வாலடி துடைச்ச துணி மறுபடி மேலே வரக்கூடாது. புண்ணைச் சுத்தி ரெண்டு விரல் அகலம் தொடவே வேண்டாம். உடனே காஞ்ச துணியில ஒத்தி எடுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல இழுத்தா அது பொறுக்காது. மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்.

ஈரோட்டிலிருந்து: தையல் மேல கருப்பாப் பொருக்கு இருக்குது. டெட்டால் தண்ணியில தொடைச்சு மஞ்சள் வெக்கச் சொல்றாங்க எங்க அமுச்சி.

அமுச்சி அக்கறையாத்தான் சொல்றாங்க, ஆனா பூனைக்கு டெட்டால் ஆகவே ஆகாதுங்க. டெட்டால்ல இருக்கற பீனால் வகையை உடைச்சு வெளியேத்தற நொதி பூனையோட கல்லீரல்ல வெகு கம்மி. தோல்ல பட்டதை நக்கும், நக்கினது உடம்புலயே தங்கும். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்றதுக்கும் காரணம் இதே குறைதான். டெட்டால், சாவ்லான், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு நாலுமே வேண்டாம். மஞ்சள் காஞ்சு நூலோட ஒட்டிக்கும், அதைவிட முக்கியமா அந்த மஞ்ச நிறத்துல புண் செவந்தா கண்ணுக்குத் தெரியாது. தேங்காயெண்ணெய் தூசியை இழுக்கும், நக்கவும் தூண்டும்.

காஞ்சு ஒட்டியிருக்கற பொருக்கை அப்படியே விட்டுடுங்க, அதுதான் மூடி. பக்கத்து முடியில ரத்தம் காஞ்சு பிடிச்சிருந்தா மட்டும், மெடிக்கல்ல கிடைக்கற நார்மல் சலைன்ல காஸ் துணியை நனைச்சு, ஒரு நிமிஷம் மேலே வெச்சு ஊறவிட்டு ஒத்தி எடுங்க. தேய்க்கக் கூடாது, பஞ்சு வேண்டாம், இழை நூல்ல மாட்டிக்கும். சலைன் இல்லைன்னா, ஒரு லிட்டர் கொதிக்க வெச்ச தண்ணியில 9 கிராம் உப்புப் போட்டு ஆறவிட்டு எடுங்க. அன்னன்னைக்குப் புதுசாப் போடணும். பீட்டாடின் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா, வெளுத்த டீ நிறத்துக்கு வர்ற அளவு தண்ணி கலந்து தொடுங்க.

பொள்ளாச்சியிலிருந்து: எங்க தோட்டத்துத் தேங்காநார்க் கழிவைத்தான் பூனை ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற டப்பாவுல போடுறோம். நல்லா உறிஞ்சும். தொடரலாமுங்களா?

மத்த நாள்ல அருமையான பொருள். இந்த ரெண்டு வாரம் மட்டும் வேண்டாம். அந்தத் தூள் காத்துல பறக்கும், ஈரமான புண்ணுல பட்டா ஒட்டிக்கும். கடையில விக்கற கட்டி பிடிக்கற மண்ணும் அப்படித்தான், ஆத்துமணலும் அப்படித்தான். நியூஸ் பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழிச்சு மூணு விரல் ஆழத்துக்குப் போடுங்க, நனைஞ்ச உடனே மாத்துங்க. பேப்பர்ல போக மாட்டேன்னு முரண்டு பிடிச்சா, பழைய நார்ல ஒரு கைப்பிடி அடியில போட்டு மேலே பேப்பரை மூடுங்க, வாசனைக்கு வந்துடும். டப்பா விளிம்பு உயரமா இருந்தா ஒரு பக்கம் அஞ்சு செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்க. வயித்துல தையலோட தாண்டறது கஷ்டம்.

அவிநாசியிலிருந்து: கடுவனுக்குப் பண்ணினோம். தையலே போடலை, துளை அப்படியே திறந்திருக்குது! டாக்டர் மறந்துட்டாரா?

மறக்கலைங்க. கடுவன் பூனைக்கு விதை எடுத்த எடம் தையல் இல்லாமத்தான் விடுவாங்க, நீர் வடிஞ்சு தானா மூடும். ஒரு வாரம் டப்பாவுல பேப்பர், புண்ணை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டற புனல் மாதிரி காலர். அவ்வளவுதான்.

தாராபுரத்திலிருந்து: நாலாம் நாள் குளிப்பாட்டலாமா? பேபி ஷாம்பு இருக்குது.

கூடாது. கோபிக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

திருப்பூரிலிருந்து: காலரை மாட்டினா பூனை செவுத்துல முட்டிட்டு நிக்குது, தன்னை நக்கிக்க முடியாம அழுக்காவும் ஆகுது. பனியன் துணியில சட்டை தெச்சுப் போட்டா ரெண்டும் தீருமே? காலரே தேவையில்லைங்கறது என் வாதம்.

கோவையிலிருந்து: இதை நம்பாதீங்க. சட்டை மேலயே நக்கி நக்கி எங்க பூனைக்குப் புண் ஊறிப்போச்சு. காலர்தான் ஒரே வழி.

ரெண்டு பேரும் பாதி பாதி சரிங்க. வயித்துலயோ விலாவுலயோ இருக்கற தையலுக்குச் சட்டை நல்லா வேலை செய்யும், மத்த எடத்தை நக்கிச் சுத்தம் பண்ணிக்கவும் விடும். கடுவனுக்கும், பின்பக்க ஆபரேஷனுக்கும், முகத்துக்கும் சட்டை உதவாது. கோவைக்காரர் சொன்னதுதான் சட்டையோட பெரிய குறை. பூனை நாக்குல உள்நோக்கி வளைஞ்ச முள்ளு வரிசையா இருக்குது, துணி மேலயே நக்கினாலும் ஈரம் உள்ளே இறங்கி நாள் முழுக்கப் புண் மேல கிடக்கும். ஈரச் சட்டைக்குச் சட்டையே இல்லாம இருக்கறது மேல். காலையிலயும் பொழுதோடயும் புண் மேல இருக்கற துணியை விரலால தொட்டுப் பாருங்க. ரெண்டு தடவை ஈரமா இருந்துச்சுன்னா அந்தப் பூனைக்குச் சட்டை ஒத்துவராது, காலருக்குப் போயிடுங்க. ராத்திரி நீங்க தூங்கற நேரம் சட்டையோட காலரும் இருக்கட்டும்.

தெக்கறதுன்னா, திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு நான் துணி சொல்லித் தரணுமான்னு நினைக்காதீங்க, இதுல ஒரு விஷயம் இருக்குது. சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண மெலிசு பனியன் துணி எடுக்காதீங்க. வெட்டின ஓரம் சுருண்டு கயிறாட்டம் ஆகி அக்குள்ல அறுக்கும். கோடு கோடா வர்ற ரிப் துணி சுருளாது, நல்லா விரியும். முன்னங்கால் பின்னால நெஞ்சுச் சுத்தளவு எடுங்க, அதுல ரெண்டு செ.மீ. கம்மியாக் குழாயா வெச்சுக்கங்க. கழுத்து ஓரத்துலேர்ந்து நாலு விரல் தள்ளி முன்னங்காலுக்கு ரெண்டு ஓட்டை. பின்முனையில ரெண்டு பக்கமும் எட்டு செ.மீ. கிழிச்சு, அந்த இடைவெளியில பின்னங்கால் வெளியே வரணும், கிழிச்ச துணியோட மேல் நாக்கையும் கீழ் நாக்கையும் காலுக்குப் பின்னால முடி போடுங்க. கீழ் நாக்கு மூத்திரத் துவாரத்துக்கு ரெண்டு விரல் முன்னாலயே நிக்கணும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நீளம் கூடிப்போச்சுன்னா ஒவ்வொரு தடவையும் நனையும். ரெண்டு சட்டை வேணும், ஒண்ணு துவைச்சுக் காயறப்ப ஒண்ணு உடம்புல.

ஓரம் அடிச்ச ஓவர்லாக் நூல்முனை ஒண்ணுகூடத் தொங்கக் கூடாதுங்க. பூனை முழுங்கின நூல் குடலைச் சுருக்குப்பையாட்டம் சுருக்கிடும், அதுக்கு இன்னொரு ஆபரேஷன் வேணும். படுக்கைக்கு பனியன் வேஸ்ட் போடறவங்களும் இதையே பாத்துக்கங்க. முழுத்துண்டா இருக்கணும், இழை உதிரக் கூடாது.

திருப்பூர் மறுபடி: அப்ப இன்டர்லாக் பனியன் துணி? அதுவும் சுருளாதே.

சுருளாது, ஆனா ரிப் அளவுக்கு விரியாது. பூனை வளைஞ்சு படுத்தா இறுக்கும். ரிப்பே இருக்கட்டும்.

கோவை மறுபடி: காலர்னா எந்த அளவு?

விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ரெண்டு மூணு செ.மீ. நீட்டியிருக்கணும், கழுத்துல ரெண்டு விரல் நுழையணும். தினமும் கழட்டி உள்பக்கத்தைக் கழுவிக் காயவெச்சு மாட்டுங்க. ஒட்டின சோறும் எச்சிலும் கழுத்துல சிரங்காக்கும். சாப்பாட்டு நேரம் கழட்டிவிட்டா பக்கத்துலயே உக்காந்திருங்க. போன் வந்துச்சுன்னு எழுந்து போற அந்த ரெண்டு நிமிஷத்துல தையல் பிரிஞ்சுடும்.

காங்கேயத்திலிருந்து: வெயில் காலம், ஈ மொய்க்குது. மாட்டுப் புண்ணுக்கு டர்பன்டைன் ஊத்துவோம். பூனைக்கும் ஊத்தலாமுங்களா? எறும்புக்குச் சாக்பீஸ் கோடும் போட்டிருக்கோம்.

ரெண்டையும் உடனே நிறுத்துங்க. டர்பன்டைன் பூனைக்கு விஷம். எறும்புச் சாக்பீஸ்ல இருக்கறது பைரித்ராய்டு பூச்சிமருந்து. மிதிச்ச காலை நக்கினா நடுக்கம் வந்து வலிப்பு வரைக்கும் போகும். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தையும் இதுக்கு எடுக்காதீங்க, அதுல இருக்கக்கூடிய பெர்மெத்ரின் பூனைக்கு ஆகாது. டெட்டால் மாதிரியேதான் தரை துடைக்கற பினாயிலும், லைசாலும். பூனை இருக்கற ரூமை ரெண்டு வாரம் சோப்புத் தண்ணியில மட்டும் துடைச்சுக் காயவிடுங்க.

ஈக்கு ஒரே மருந்து கொசுவலை. பூனையைப் பொடக்காலிக்கோ கட்டுத்தரைக்கோ விடாம, ஆசாரத்து மூலையில கட்டிலுக்குக் கொசுவலை கட்டி உள்ளே வைங்க. ஈ முட்டை வெக்கறது புண்ணுல மட்டுமில்லை, பீ ஒட்டின வாலடி முடியிலயும்தான். ஒரு நாளைக்குள்ள பொரிச்சுப் புழுவாகும். முடிக்கு நடுவுல அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக் கொத்து தெரிஞ்சா அதுதான் முட்டை. சீப்பால எடுத்துட்டு அன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டுங்க. எறும்புக்கு, சோத்து வட்டலை தண்ணி ஊத்தின தட்டுல வைங்க.

சத்தியமங்கலத்திலிருந்து: வண்டி அடிச்சு வலது பின்னங்கால் எடுத்துட்டாங்க. அந்தப் பக்கக் காது அழுக்காவே இருக்குது.

இதைக் கவனிச்சதே பெரிய விஷயம். அந்தக் காதைச் சொறியற கால்தான் போயிடுச்சு, இனி ஆயுசு பூராவும் அந்தக் காது உங்க பொறுப்பு. வாரத்துக்கு ஒருக்கா விரல்ல காஸ் சுத்தி, கண்ணுக்குத் தெரியற மடிப்பு வரைக்கும் துடைங்க. பட்ஸ் விடாதீங்க. காபித்தூள் மாதிரி கருப்பா வந்தா காதுப்பூச்சி, டாக்டருக்குக் காட்டணும். மலம் கழிக்கறப்ப நிலை தடுமாறி அதுமேலயே உக்காரும், முதல் ரெண்டு வாரம் ஒவ்வொரு தடவையும் வாலடியைப் பாருங்க. முடி நீளமா இருந்தா டிரிம்மர்ல குறைச்சுவிடுங்க. கத்திரிக்கோல் வேண்டாம், பூனைத் தோல் காகிதம் மாதிரி, முடியோட சேர்ந்து வந்துடும்.

அந்தியூரிலிருந்து: மாட்டுக்கு மடியில புண்ணுங்க...

மாடு நம்ம பாடம் இல்லைங்க. 1962-க்குப் பேசுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

பல்லடத்திலிருந்து: டெட்டால் சோப்புல குளிப்பாட்டினா?

குளியலும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். ரெண்டையும் மேலே சொல்லியாச்சு, தயவு செஞ்சு மேலேர்ந்து படிங்க.

நாமக்கல்லிலிருந்து: மூத்திர அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணின கடுவன். சொட்டுச் சொட்டா வடிஞ்சு தொடை செவந்துடுச்சு.

மூத்திரம் முடியில ஊறித் தோலை வேகவெக்குது. சலைன்ல நனைச்ச காஸால தொடையை ஒத்தி, நல்லாக் காயவிட்டு, செவந்த தோல் மேல மட்டும் வாஸலின் மெலிசா ஒரு பூச்சு. தையல் மேல படக்கூடாது. மூத்திரத் துவாரத்தைத் தொடவே தொடாதீங்க, சுருங்கிப்போயிடும். அடியில பழைய காட்டன் சீலையை நாலு மடிப்பாப் போட்டு நனைய நனைய மாத்துங்க. பீரோவிலேர்ந்து எடுத்த சீலைன்னா முதல்ல துவைச்சு வெயில்ல காயவைங்க, அந்துருண்டை வாசமே பூனைக்குக் கெடுதல். வடியறது நின்னு, டப்பாவுல முக்கிட்டே உக்காந்திருந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்குது, கிளம்புங்க.

கோபி மறுபடி: தையல் பிரிச்ச அன்னைக்கே குளிப்பாட்டலாமுங்களா?

துளை மூட இன்னும் ரெண்டு மூணு நாள் விடுங்க. அதுக்குள்ள உங்களுக்கு வேலையே இருக்காது. காலரைக் கழட்டினதும் ஒரு மணி நேரம் உக்காந்து தன்னைத்தானே நக்கித் தீத்துக்கும். அதனால கழட்டறதுக்கு முன்னால நல்லாச் சீவிவிடுங்க, ரெண்டு வாரமா உதிர்ந்த முடி அத்தனையும் ஒரே நாள்ல வயித்துக்குள்ள போனா வாந்தி எடுக்கும். மத்த எடத்தை விட்டுட்டுத் தழும்பையே விடாம நக்கினா, அன்னைக்கு ராத்திரிக்குக் காலரைத் திரும்ப மாட்டுங்க.