வைஃபை பெயரை மறைத்தால் போதுமா?

பெயரை மறைத்துவிட்டால் கூகுள் போன்ற நிறுவனங்களால் உங்கள் ரூட்டரின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ள முடியாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதுகாப்பே இல்லை. பெயர் மறைந்தாலும் ரூட்டர் தன் அடையாள எண்ணை விநாடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டேதான் இருக்கும்; இருப்பிடத்தைக் குறிக்க அந்த எண்ணே போதும். போதாக்குறைக்கு, மறைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி உங்கள் போனே ஊரெல்லாம் திரியும்.

மறைப்பதை விடுங்கள். பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும், அதை ஒட்டி 'நோமேப்' என்று (என், ஓ, எம், ஏ, பி) சிறிய ஆங்கில எழுத்துகளும் சேருங்கள். அப்படி முடியும் பெயர்களைத் தங்கள் இருப்பிடப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று கூகுளும் ஆப்பிளும் அறிவித்திருக்கின்றன. வேண்டாம் என்பவர்தான் மெனக்கெட வேண்டும் என்பது என்ன நியாயமோ!

விருந்தினர் வசதிக்காகக் கடவுச்சொல்லே வைக்கவில்லை என்கிறீர்களே, அதுதான் பெரிய ஓட்டை. தெருக்களைப் படமெடுக்கும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் 30க்கும் மேற்பட்ட நாடுகளில் மின்னஞ்சல், கடவுச்சொல் வரை அள்ளிச் சென்றது பூட்டாத வைஃபைகளிலிருந்துதான். 2010இல் கூகுளே ஒப்புக்கொண்ட செய்தி இது. இன்றே ரூட்டர் அமைப்பில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுத்து நீளமான கடவுச்சொல் வையுங்கள். விருந்தினருக்குப் பெரும்பாலும் ரூட்டரிலேயே தனி 'கெஸ்ட்' இணைப்பு இருக்கும். அதன் பெயரிலும் நோமேப் சேர்க்க வேண்டும். பெயர் மாறியதும் டிவி, பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.