ஆசியாவின் தொழில்முறை கோல்ஃப் தொடரான ஆசிய டூரில் 2020 தொடக்கம் முதல் 2022 ஜனவரிவரை ஒரே சீசனாகக் கணக்கிடுவது ஏன்?

எல்லாம் கொரோனா செய்த வேலை. 2020 ஜனவரியில் ஹாங்காங்கில் தொடங்கிய சீசன், மார்ச்சில் மலேசிய ஓப்பன் போட்டியோடு படுத்துவிட்டது. முடிந்தவை நான்கே போட்டிகள். ஒரு நாட்டில் ஆடி, அடுத்த வாரம் இன்னொரு நாட்டுக்குப் பறப்பதுதான் இந்த டூர். எல்லைகளை மூடிய பிறகு எங்கே போய் ஆடுவது?

மறுபடி பந்தைத் தட்டியது 2021 நவம்பரில், தாய்லாந்தின் புக்கெட்டில். ஏறக்குறைய இருபது மாத இடைவெளி! நான்கு போட்டிகளை வைத்து யாருக்கும் முதலிடம் கொடுக்க முடியாதே. அதனால் பழைய கணக்கை மூடாமல், 2022 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த இரண்டு போட்டிகள்வரை நீட்டினார்கள்.

அப்போதைய தரவரிசைக் கணக்கு எளிது: யார் அதிகப் பரிசுப் பணம் சேர்த்தாரோ அவரே முதல்வர். வழக்கமான போட்டி நான்கு நாள், 72 குழி. முதல் இரண்டு நாளின் 36 குழிகளில் தேறாதவர் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அந்த நீண்ட சீசனில் முதலிடம் பிடித்தவர் தென்கொரியாவின் கிம் ஜூ-ஹியுங். டாம் கிம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரின் முதல் போட்டியில் பிளே-ஆஃபில், அதாவது சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டத்தில், வென்றார், அடுத்ததில் இரண்டாமிடம். அப்போது வயது 19தான். சீசன் தொடங்கியபோது பையனுக்குப் பதினெட்டுகூட ஆகவில்லை!